உங்கள் பிள்ளையை ஊருக்குத் தெரியுமா?



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. பள்ளி விட்டு வந்த பையன் ஒருவன் ஆலைக்குப் பின்புறம் ஒதுங்கி, எங்கோ பொறுக்கிய சிகரெட் துண்டைப் பற்ற வைக்கிறான். முதல் இழுப்பு இழுத்து இருமி முடிப்பதற்குள் விறகுக் கட்டோடு அந்த வழியே ஒரு பெரியம்மா வந்துவிடுகிறார். "யாருடா அது? நாலாம் லயத்துத் தண்டல் பேரன்தானே நீ?" அவ்வளவுதான். பையன் துண்டை எறிந்துவிட்டு ஓட்டம் பிடிக்கிறான். மூச்சிரைக்க வீடு போய்ச் சேர்ந்தால், செய்தி அவனுக்கு முன்னால் போய் வாசலில் உட்கார்ந்திருக்கிறது!

அந்தப் பெரியம்மா அவனுக்கு உறவுக்காரர் அல்ல. ஆனாலும் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. கேட்டதற்காகப் பையனின் தாய் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. "நல்ல வேளை பார்த்தீங்க அக்கா" என்றுதான் சொன்னார்.

இன்று அந்தப் பையனின் மகன் மாசாயிலோ ஸ்கூடாயிலோ ஓர் அடுக்குமாடி வீட்டின் நான்காவது மாடியில் வளர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எதிர் வீட்டுக்காரர் பெயர் அவனுக்குத் தெரியாது. அவருக்கும் இவன் பெயர் தெரியாது. இரவு பத்து மணிக்கு மாடிப்படியின் கீழே இருட்டில் நாலைந்து பையன்கள் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் பார்க்காதது போல் மேலே ஏறிப் போகிறார்கள். யாராவது கேட்டுவிட்டால், "என் பிள்ளையைக் கேட்க நீ யார்?" என்று மறுநாள் சண்டை!

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே நாம் எதை இழந்தோம்? பிள்ளைகள் போதைப் பழக்கத்தில் விழுவதற்கும் அந்த இழப்புக்கும் தொடர்பு உண்டா? கோயிலும் பக்தியும் பிள்ளையைக் காக்குமா? சற்றுப் பொறுமையாக, சேர்ந்து யோசிப்போம்.

லயத்தில் இருந்த காவல்

பழைய தோட்ட வாழ்க்கையின் நேரக் கணக்கை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. பிறகு கித்தாக் காட்டில் மரம் வெட்டு. நண்பகலைத் தாண்டிப் பாலைக் கொண்டுவந்து நிறுத்துப் போட்டுவிட்டால், அன்றைய வேலை பெரும்பாலும் முடிந்தது. பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் பெரியவர்கள் வீட்டில் இருந்தார்கள். மாலையில் திடலில் பந்து விளையாட்டு. வெள்ளிக்கிழமை என்றால் மாரியம்மன் கோயிலில் பூசை, பஜனை.

ஐம்பதுகளில் கோ. சாரங்கபாணி அவர்களின் "தமிழ் முரசு" மாணவர் மணிமன்ற மலரை வெளியிட்டது. அதைப் படித்துப் பழகிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் மணிமன்றம் அமைத்தார்கள். பேச்சுப் போட்டி, நாடகம், நூல் நிலையம் என்று பையன்களுக்கு மாலை நேரத்தில் ஒரு வேலை இருந்தது.

அங்கே யாரும் "போதை ஒழிப்பு இயக்கம்" என்று பலகை மாட்டவில்லை. ஆனால் ஒரு பையன் தனியாக இருக்க நேரமே இல்லாமல் போயிற்று. அவனைப் பெயர் சொல்லி அழைக்க நூறு பேர் இருந்தார்கள். அதுவே காவல்.

கள்ளுக்கடையும் அங்கேதான் இருந்தது

அதற்காகத் தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கள்ளுக்கடையும் அதே தோட்டத்தில்தான் இருந்தது. நிர்வாகமே இடம் கொடுத்துக் கடையை நடத்தியது. கூலி வாங்கிய கை கடை வழியாகத்தான் வீடு திரும்பியது. பின்னாளில் கள்ளின் இடத்தை மலிவு விலைச் சம்சு பிடித்துக்கொண்டது. தகப்பனின் குடியால் அழிந்த குடும்பங்களின் கதையை எழுதினால் ஏடு கொள்ளாது.

ஆயினும் அந்தக் கேட்டை எதிர்த்து எழுந்ததும் அதே மக்கள்தான். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது. போருக்குப் பின், 1947இல், கெடாவின் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் "தொண்டர் படை" திரண்டது. தோட்டத்து இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன்னால் மறியல் செய்தார்கள். குடிப்பவர்களைத் தடுத்துக் கண்டித்தார்கள். காவல் படையோடு மோதல் வந்தது. உயிர்ச் சேதமும் நேர்ந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரே தோட்டம், ஒரே மக்கள், ஒரே கோயில். அங்கேயே கள்ளுக்கடைக்குக் கூட்டிப்போன உறவும் இருந்தது; கடை வாசலில் மறித்து நின்ற உறவும் இருந்தது. உறவு இருந்தால் மட்டும் போதாது. அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் எதிரி

கள்ளும் சம்சும் பெரியவர்களைப் பிடித்தன. எழுபதுகளில் ஹெராயின் வந்து இளைஞர்களைப் பிடித்தது. 1976இல் "பெமாடாம்" என்னும் போதைப்பொருள் தடுப்புச் சங்கம் தோன்றியது. 1983ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர், போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். அதே ஆண்டில் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் தனிச் சட்டம் வந்தது. கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை கட்டாயமாக்கப்பட்டது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. எதிரி ஒழிந்தானா? இல்லை, வேடத்தை மாற்றிக்கொண்டான். பவுடரின் இடத்தை இன்று சியாபு என்னும் மெதம்பெட்டமின் பிடித்துவிட்டது. அதோடு மாத்திரைகள், கெத்தும் இலைச் சாறு, பசை மணம் முகர்தல், வேப் கருவியில் ஊற்றும் போதைத் திரவம் என்று பட்டியல் நீள்கிறது. ஜொகூரில் வேப் விற்பனை 2016 முதலே தடை செய்யப்பட்டிருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதை விற்கக்கூடாது என்ற நாடு தழுவிய சட்டம் 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். ஆனால் சட்டம் நம் மாடிப்படியின் கீழே வந்து எட்டிப் பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.

2017இல் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் இடைநிலைப் பள்ளி மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. 27,000க்கும் அதிகமான பிள்ளைகள் பதில் எழுதினார்கள். ஒரு தடவையாவது போதைப்பொருளைத் தொட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல். "நாலுதானே!" என்று சொல்லிவிடாதீர்கள். பள்ளியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் கேட்ட கணக்கு இது. பாதியில் படிப்பை விட்டுவிட்டு வெளியே திரியும் பிள்ளைகள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

கோயிலுக்குப் போனால் போதுமா?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். "என் பிள்ளை பக்தியுள்ளவன். விபூதி பூசாமல் வெளியே போகமாட்டான். அவனுக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லும் தாய்மார்கள் பலர். அது உண்மையா?

இதே கேள்வியை அமெரிக்காவில் இரண்டு அறிஞர்கள் கேட்டார்கள். டிராவிஸ் ஹெர்ஷி, ரோட்னி ஸ்டார்க் என்பது அவர்கள் பெயர். கலிபோர்னியா மாநிலத்து மாணவர்களிடம் திரட்டிய விவரங்களை வைத்து 1969இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேவாலயத்துக்குத் தவறாமல் போகும் பிள்ளைக்கும் போகாத பிள்ளைக்கும், தப்பான காரியங்களில் ஈடுபடுவதில் ஏதும் வேறுபாடு உண்டா? அவர்களுக்குக் கிடைத்த விடை: இல்லை! நரகத்தை நம்பும் பிள்ளையும் தப்புச் செய்தது. நம்பாத பிள்ளையும் செய்தது.

பலருக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1974இல் வேறு இருவர் ஆராய்ந்தபோது, குடி, கஞ்சா ஆகியவற்றில் மட்டும் வேறுபாடு தெரிந்தது. வழிபாட்டுக்குப் போகும் பிள்ளைகள் அவற்றைக் குறைவாகவே தொட்டார்கள். 1977இல் அட்லாண்டா நகரத்தில் ஆராய்ந்தபோது வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஓர் ஊரில் வேலை செய்யாத பக்தி, இன்னோர் ஊரில் எப்படி வேலை செய்தது?

அதே ஸ்டார்க் பல ஆண்டுகள் யோசித்து, 1982இல் ஒரு விளக்கம் சொன்னார். தனி ஒருவன் மனத்துக்குள் பூட்டி வைத்த பக்தி அவனை அதிகம் காப்பதில்லை. அவனைச் சுற்றியிருப்பவர்களும் அதே நம்பிக்கையில் வாழ்ந்து, அதைப் பற்றிப் பேசி, அதன்படி நடக்கும்போதுதான் பக்திக்குப் பலம் வருகிறது. கலிபோர்னியாவில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போன பையன், திங்கள் முதல் சனி வரை அதை நினைக்காத கூட்டாளிகளோடு இருந்தான். அட்லாண்டா பையனோ கூட்டாளி, பக்கத்து வீட்டார், ஆசிரியர் என்று எங்கே திரும்பினாலும் அதே ஞாயிற்றுக்கிழமையைச் சந்தித்தான்.

நம் பாட்டிமார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஊரோடு சேர்ந்த சாமியைத்தானே அவர்கள் கும்பிட்டார்கள்!

தொண்ணூறுகளில் அமெரிக்காவில் பல்லாயிரம் பிள்ளைகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அந்த விவரங்களை வைத்து 2003இல் வந்த ஒரு கட்டுரை இன்னும் நுட்பமாகச் சொல்கிறது. வீட்டில் தனியாகச் செய்யும் பிரார்த்தனை, பிள்ளை முதன்முதலில் ருசி பார்ப்பதைத் தடுப்பதில் அதிகம் உதவுகிறது. பலரோடு சேர்ந்து வழிபடும் பழக்கம், ருசி பார்த்தவன் அதை வழக்கமாக்கிக் கொள்ளாமல் தடுப்பதில் அதிகம் உதவுகிறது. பூசையறையும் வேண்டும், கோயிலும் வேண்டும் என்றே இதற்குப் பொருள் கொள்ளலாம்.

நான்கு கயிறுகள்

ஹெர்ஷி 1969இல் தம் நூலில் வேறு ஒன்றும் சொன்னார். "பிள்ளைகள் ஏன் தப்புச் செய்கிறார்கள்?" என்று எல்லாரும் கேட்டபோது, அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: "பெரும்பாலான பிள்ளைகள் ஏன் தப்புச் செய்யாமல் இருக்கிறார்கள்?" ஏதோ ஒன்று அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. அவர் சொன்ன நான்கையும் நாம் நான்கு கயிறுகள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கயிறு, பாசம். "அம்மாவுக்குத் தெரிந்தால் மனம் உடைந்துபோவாள்" என்ற எண்ணம். அடிக்குப் பயப்படுவது வேறு; அம்மாவின் முகத்துக்குப் பயப்படுவது வேறு.

இரண்டாவது, இழக்க ஏதோ ஒன்று இருத்தல். நல்ல தேர்வு முடிவு, விளையாட்டுக் குழுவில் இடம், கற்ற ஒரு தொழில் என்று ஏதாவது இருந்தால், அதைக் கெடுத்துக்கொள்ளப் பிள்ளை தயங்குவான். இழக்க ஒன்றுமில்லாதவனுக்குத் தயக்கம் ஏது?

மூன்றாவது, ஈடுபாடு. மாலை முழுவதும் செய்ய வேலை இருப்பவனுக்கு மாடிப்படியின் கீழே உட்கார நேரமிருக்காது.

நான்காவது, நம்பிக்கை. "இது தப்பு" என்று அவன் மனமே சொல்ல வேண்டும். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பல சமயங்களும் அதைத்தான் சொல்கின்றன.

இனி ஒன்றைக் கவனியுங்கள். தோட்டத்துக் கோயில் இந்த நான்கு கயிறுகளையும் ஒரே இடத்தில் முடிந்து வைத்திருந்தது. அங்கே பாட்டி இருந்தாள், பாசம் இருந்தது. தீமிதிக்குக் கரகம் தூக்கும் பொறுப்பு இருந்தது. உறுமி கற்க மாலை நேரம் போனது. சாமி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆகவே, "கோயில் காத்தது" என்று நாம் சொல்லும்போது, அந்த நான்கும் சேர்ந்து காத்தன என்றே புரிந்துகொள்ள வேண்டும். சாமி கும்பிடுவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிட்டால் கயிறு தாங்காது.

பனி நாட்டிலிருந்து ஒரு சேதி

ஐஸ்லாந்து என்ற சின்னஞ்சிறு நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1998இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், அதற்கு முந்திய ஒரு மாதத்தில் குடித்து வெறித்திருந்தார்கள். 2016இல் அந்த எண்ணிக்கை வெறும் 5! கஞ்சாவைத் தொட்டவர்கள் 17லிருந்து 7ஆகக் குறைந்தார்கள். நாள்தோறும் புகைப்பவர்கள் 23லிருந்து 3 ஆனார்கள்.

எப்படிச் சாதித்தார்கள்? பள்ளியில் "போதை பொல்லாதது" என்று சொற்பொழிவு ஆற்றியதால் அல்ல. அந்த முறை பயன் தரவில்லை என்று கண்டு அதை ஓரம் கட்டினார்கள். பெற்றோர்களை ஊர் ஊராகச் சங்கமாக்கினார்கள். "என் பிள்ளையை நீங்களும் கேளுங்கள், உங்கள் பிள்ளையை நானும் கேட்கிறேன்" என்று பேசி வைத்துக்கொண்டார்கள். பதின்மூன்று முதல் பதினாறு வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குமேல் வெளியே திரியக்கூடாது என்று விதி செய்தார்கள். பெற்றோர்களே மாலை வேளைகளில் தெருவில் நடந்து பார்த்தார்கள். விளையாட்டு, இசை, நடனம் கற்க அரசு பணம் கொடுத்தது. ஏழைப் பிள்ளையும் சேர முடிந்தது.

யோசித்துப் பாருங்கள். அறிஞர்களை வைத்துப் பல ஆண்டு முயன்று அவர்கள் உருவாக்கியது எதை? விறகுக் கட்டோடு வந்தாரே நம் பெரியம்மா, அவரைத்தான்!

ஜொகூரில் நம் நிலை

ஜொகூரின் ரெங்கம், லாயாங்-லாயாங், குளுவாங், கூலாய், உலு திராம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் தோட்டமும் லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்தன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தன. எண்பதுகளிலிருந்து நாடெங்கும் லட்சக்கணக்கான நம்மவர் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். ஒரே லயத்தில் இருந்த இருபது குடும்பம் இருபது தாமானுக்குப் பிரிந்து போனது. கோயில் சில இடங்களில் தனியே நின்றது. சில இடங்களில் வேறிடம் போனது. சில இடங்களில் இல்லாமலே போயிற்று.

ஜொகூருக்கென்று தனியாக இன்னொரு சங்கடமும் உண்டு. அது கடற்பாலம். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்குப் போகும் தகப்பன், இரவு வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும்; அல்லது தூங்கியது போல் படுத்திருக்கும். தாய் பாசிர் கூடாங்கிலோ செனாயிலோ தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். வீட்டில் நல்ல தொலைக்காட்சி இருக்கிறது, பையன் கையில் நல்ல கைத்தொலைபேசி இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை.

உழைக்கிற பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சம்பாதிக்காமல் வாழ முடியுமா? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். லயத்தில் ஊர் செய்த வேலையை இப்போது ஒரு தாயும் ஒரு தகப்பனும் தனியாகச் செய்யப் பார்க்கிறார்கள். அது இரண்டு பேரால் ஆகிற வேலை அல்ல.

திருவிழாவும் வெள்ளிக்கிழமையும்

"நமக்குக் கோயில் குறைவா?" என்று நீங்கள் கேட்கலாம். குறைவில்லை. 1911ஆம் ஆண்டு தோன்றிய ஜொகூர் பாரு இராஜமாரியம்மன் ஆலயம் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து பார்க்கும் இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் இருக்கிறது. தைப்பூசத்தில் கூட்டம் தாங்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்திலேயே குடித்துவிட்டு ஆடும் இளைஞர்களையும் நாம் பார்க்கத்தானே செய்கிறோம்? திருவிழாவில் ஒழுங்கு வேண்டும் என்று இந்து சங்கம் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறது. வலியுறுத்தும் நிலை ஏன் வந்தது?

திருவிழா ஆண்டுக்கு ஒரு நாள். அன்று கூட்டத்தில் எவரும் எவரையும் அறியார். வெள்ளிக்கிழமை வாரத்துக்கு ஒரு நாள். அன்று இருபது பேர் வந்தாலும் இருபது பேருக்கும் ஒருவரையொருவர் தெரியும். ஒரு பையன் இரண்டு வாரம் வரவில்லை என்றால், "எங்கே தம்பியைக் காணோம்?" என்று கேட்க ஆளிருக்கும். பிள்ளையைக் காப்பது அந்தக் கேள்விதான். பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் இது பொருந்தும்.

ஆகவே ஆலய நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோபுரத்துக்கு வண்ணம் பூசுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, பின்கட்டு மண்டபத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். மாலையில் பாடம் படிக்க மேசை, ஒரு விளக்கு, பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர். தேவார வகுப்பு நடத்துங்கள். திருமுறை ஓதும் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யுங்கள். பதினைந்து வயதுப் பையனைப் "போய் ஓரமாக நில்" என்று விரட்டாதீர்கள். அன்னதானத்தில் பரிமாறும் பொறுப்பைக் கொடுங்கள். கணக்கு எழுதக் கொடுங்கள். பொறுப்பு உள்ள இடத்தை விட்டுப் பிள்ளை சுலபமாகப் போகமாட்டான்.

கெட்ட உறவும் உறவுதான்

பெற்றோர்களே, உங்கள் மகன் ஒரு தப்பான கூட்டத்தில் சேர்ந்துவிட்டால், "அவனுக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று சொல்வீர்கள். சற்று உற்றுப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் அவன் எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறான்! "அண்ணன்" கூப்பிட்டால் நடு இரவிலும் ஓடுகிறான். அங்கே அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, மரியாதை இருக்கிறது, அடிபட்டால் வந்து நிற்க ஆட்கள் இருக்கிறார்கள். நாம் கொடுக்காமல் விட்டதை அவர்கள் கொடுக்கிறார்கள். விலையைப் பிறகு வாங்கிக்கொள்கிறார்கள்.

"இந்தப் பொட்டலத்தை அங்கே கொடுத்துவிட்டு வா, ஐம்பது வெள்ளி" என்பதில்தான் பல கதைகள் தொடங்குகின்றன. கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது உண்மை. ஆயினும் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இன்னும் இருக்கிறது. இல்லையேல் ஆயுள் சிறையும் பிரம்படியும். இதைப் பிள்ளைக்குப் பயமுறுத்தாமல், தெளிவாக ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

விழுந்துவிட்ட பிள்ளைக்கு என்ன வழி?

சில அடையாளங்களைக் கவனியுங்கள். இரண்டு மூன்று இரவு தூங்காமல் விழித்திருந்துவிட்டு, பிறகு நாள் முழுதும் எழுந்திருக்காமல் தூங்குதல். பசியின்மை, திடீரென்று மெலிதல். காரணமில்லாத சந்தேகம், எரிச்சல். உடையில் பசை நெடி. கருகிய அலுமினியத் தாள். வீட்டில் காசு காணாமல் போதல். ஒன்று இருந்தால் உடனே குற்றம் சாட்டாதீர்கள். பரீட்சைக் கவலையாகவும் இருக்கலாம். பல சேர்ந்து வந்தால் சும்மா இருக்காதீர்கள்.

அந்த நேரத்தில் நம் வீடுகளில் நடப்பது என்ன? முதலில் அடி. பிறகு, "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்" என்று கதவைச் சாத்திக்கொள்வது. அக்காளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. ஊர் என்ன சொல்லும்? இங்கேதான் ஊர்க்கட்டு நமக்கு எதிராகத் திரும்புகிறது. காக்க வேண்டிய ஊரே பயமுறுத்தும் ஊராகிவிடுகிறது. ஊருக்கு அஞ்சி மறைத்த ஆறு மாதத்தில் நோய் முற்றிவிடுகிறது.

மந்திரித்துக் கயிறு கட்டுவதும், காவடி நேர்ந்துகொள்வதும் மனத்துக்கு ஆறுதல் தரலாம். ஆனால் இது நோய். இதற்கு மருத்துவரும் ஆலோசகரும் வேண்டும். 1996இல் தோன்றிய தேசியப் போதைப்பொருள் ஒழிப்பு நிறுவனத்துக்கு மாவட்டந்தோறும் அலுவலகங்கள் உண்டு. தானாக முன்வந்து சிகிச்சை கேட்கலாம். வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோரே போய்க் கேட்கவும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஹெராயின் பழக்கத்துக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் மெதடோன் மருந்து தருகிறார்கள். 2005இல் தொடங்கிய திட்டம் அது. சியாபுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. ஆலோசனை, பழக்க மாற்றம், கூட நிற்கும் குடும்பம் ஆகியவையே மருந்து. எனவே அதற்கு ஊர் இன்னும் அதிகமாக வேண்டும்.

ஊர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், குடிநோயாளிகளுக்கென்று டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். குடியால் கணவரை இழந்தவர் அவர். கிராமத்து ஏழைகள் சென்னைக்கு வந்து தங்க முடியாது என்பதால், மருத்துவமனையே கிராமத்துக்குப் போனது. திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடி என்ற ஊரில் முகாம் போட்டார்கள். ஊரார் இடம் கொடுத்தார்கள், உதவிக்கு நின்றார்கள், முகாம் முடிந்து போனவர்களைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ளவும் துணை செய்தார்கள். குடிகாரன் என்று ஒதுக்கிய அதே ஊர், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும் ஊராக மாறியது. அந்த முயற்சி உலக ஆய்வு ஏடுகளில் இடம்பெற்றது. அம்மையாருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தம் வீட்டு அவமானம் என்று அவர் கதவைச் சாத்தியிருந்தால்?

இன்று மாலையே தொடங்கலாம்

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். உங்கள் மாடியில் எத்தனை வீடு? ஒவ்வொரு கதவையும் ஒரு முறை தட்டுங்கள். தீபாவளிப் பலகாரத்தைச் சாக்காக வைத்துக்கொண்டாலும் சரி. பிள்ளைகளின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். "என் பிள்ளை தப்பாக எதையாவது செய்தால் நீங்க கேளுங்க அக்கா, எனக்கும் சொல்லுங்க, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் மலிவானது. ஆனால் அதைச் சொல்லப் பெரிய மனம் வேண்டும்.

உங்கள் மகனின் நெருங்கிய கூட்டாளிகள் ஐந்து பேரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவர்கள் வீடு தெரியுமா? தெரியாவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை வீட்டுக்குச் சோறுண்ண அழையுங்கள். மாலை ஷிஃப்டில் இருக்கும் தாயின் பிள்ளையை, காலை ஷிஃப்டில் இருக்கும் தாய் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பையனையும் அழைத்துப் போங்கள்.

ஏற்கெனவே விழுந்து, சிகிச்சை முடிந்து, தலை குனிந்து திரும்பி வரும் பையன் ஒருவன் உங்கள் கோயில் வாசலில் தயங்கி நிற்கலாம். அவனுக்குப் போக இரண்டு இடம்தான் உண்டு. ஒன்று உங்கள் கோயில். மற்றொன்று பழைய மாடிப்படி. பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவன் எங்கே போவான் என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் கையில் பிரசாதத் தட்டைக் கொடுத்து, "பரிமாறு தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தோட்டம் திரும்பி வராது. லயமும் வராது. அவை வர வேண்டும் என்று நாம் கேட்கவும் இல்லை. ஆனால் விறகுக் கட்டோடு வந்த அந்தப் பெரியம்மா நம்மில் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறார். நாளைக்கு மாடிப்படி ஏறும்போது, இருட்டில் உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பார்த்தால் கடந்து போய்விடாதீர்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள். அன்பாகவே கேளுங்கள்:

"யாரு தம்பி நீ? எந்த வீட்டுப் பிள்ளை?"